செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நம் வீடு: கோலாலம்பூர், பினாங்கு குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்ததும் இணையத்திலும் பேரங்காடிகளிலும் இலையுதிர்கால வீட்டலங்காரக் குறிப்புகள் பெருகிவிடுகின்றன. அவை கணப்பையும் கம்பளிப் போர்வையையும் உலர்ந்த மேப்பிள் இலைகளையும் நம்பி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் செந்தூல் அடுக்குமாடி வீட்டிலும் ஜார்ஜ் டவுன் கடைவீட்டிலும் புழுக்கமும் பூசண வாடையும்தான் மிஞ்சும். ஆனால் ஆண்டின் இந்தப் பகுதியில் நம் வீடுகளும் மாறவே செய்கின்றன. மாறுவது காற்றிலுள்ள ஈரமும் மாலை வெளிச்சமும். இவ்விரண்டையும் முதலில் கவனித்து, அலங்காரத்தைப் பிறகு வைத்துக்கொள்ளும் வீடே இந்நான்கு மாதங்களிலும் இதமாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. கீழுள்ள விடைகள் அனைத்தும் அந்தக் கருத்தின் அடிப்படையிலேயே அமைந்துள்ளன.

கேள்வி: ஆண்டு முழுவதும் வெயிலடிக்கும் நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று உண்டா?

குளிர்நாட்டார் அறிந்த பொருளில் இல்லை. கோலாலம்பூரில் ஜனவரியானாலும் ஜூலையானாலும் பகலில் 32, 33 பாகை செல்சியசும் இரவில் 24 பாகையை ஒட்டியும்தான் வெப்பநிலை இருக்கிறது. நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. வடக்கே வெயில் தணியத் தொடங்கும் அதே செப்டம்பரில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. பினாங்கில் செப்டம்பர் 9 வாக்கிலும், கோலாலம்பூரில் 14, 15 வாக்கிலும், பிற்பகல் ஒரு மணியைக் கடந்த சிறிது நேரத்தில் நட்டு வைத்த கம்பத்துக்கு நிழலே இராது.

மாறுவது காற்றின் திசையும் மழையின் அளவும். மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. இவற்றுக்கு நடுவே அக்டோபரை ஒட்டிய வாரங்கள் இடைப்பருவம் எனப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களையே கடுமையாகத் தாக்குகிறது. மேற்குக் கரையில் வாழும் நமக்கோ, பிற்பகலில் கருத்து மாலையில் இடியோடு கொட்டும் இடைப்பருவ மழையே பெருமழை. பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும், கோலாலம்பூரில் அக்டோபரும் நவம்பரும் மிக அதிகமாக நனையும் மாதங்களுள் அடங்கும். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று நம் முன்னோர் வகுத்த முறை, மேப்பிள் இலைக் கணக்கைவிட இந்த ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இலை உதிர்வதைத்தான் அடையாளமாகக் கொள்வது என்றால், அது இங்கே ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்வது. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், பிப்ரவரி வாக்கில் இரப்பர் மரங்கள் இலைகளைச் சிவக்கவிட்டு உதிர்ப்பதையும், அந்த வாரங்களில் பால் குறைந்து வருமானமும் குறைந்ததையும் சொல்வார்கள்.

கேள்வி: வீட்டை ஆயத்தப்படுத்தும் வேலைகளை எப்போது தொடங்க வேண்டும்?

ஆகஸ்டிலேயே தொடங்குவது நல்லது. அப்போது வெயில் நின்று காய்கிறது. கூரை வேலை செய்வோரும் எளிதில் கிடைக்கிறார்கள். முதல் பெருமழையில் ஒழுகிய பிறகு ஆள் தேடினால், ஊர் முழுவதும் அதே ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்.

வரிசை வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கூரை விளிம்பிலுள்ள மழைநீர் வாய்க்கால். அங்கே தேங்கும் இலைச் சருகே பெரும்பாலான ஒழுக்குகளுக்குத் தொடக்கம். அதையடுத்து, வாகனம் நிறுத்தும் முன்கூரை வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் பூசப்பட்ட அடைப்பு வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தைக் கட்டாயம் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் பின்னுள்ள கால்வாயில் மண் தூர்ந்திருந்தால் வாரிவிட வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் கூரைக் கவலை இல்லை. சன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள சிலிக்கோன் பூச்சும், முகப்பு மாடத்தின் நீர்ப்போக்கியும்தான் அங்கே மழைநீர் நுழையும் வழிகள்.

தாழ்வான பகுதிகளில் வசிப்போர் இதைச் சற்று அக்கறையோடு செய்ய வேண்டும். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையும், 2021 டிசம்பர் 18 தொடங்கி ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளை மூழ்கடித்த வெள்ளமும், ஓரிரு நாள் மழை என்ன செய்யும் என்பதைக் காட்டிவிட்டன. பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், கடவுச்சீட்டு, மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத ஒரே உறையில் இட்டு, உயரமான அலமாரியில், குடும்பத்தார் அனைவரும் அறிந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் சன்னல்களைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? குளிரூட்டி போடும் அறையில் மட்டும் ஏன் பூசணம் பிடிக்கிறது?

இவை இரண்டும் ஒரே கேள்விதான். இதற்கு விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் மற்ற எல்லா ஏற்பாடுகளைவிடவும் இது ஒன்றே வீட்டின் இதத்தைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர்க் காற்றில் எப்போதும் நீராவி மிகுதியாக இருக்கிறது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீது அந்தக் காற்று பட்டாலும், நீர்த்துளியாகப் படிந்துவிடுகிறது. இரவெல்லாம் குளிரூட்டியை 20 பாகையில் ஓடவிட்டுச் சுவரையும் அலமாரியையும் மெத்தையையும் குளிர வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு அதை நிறுத்தியவுடன் சன்னலை அகலத் திறப்பது நம்மில் பலருக்கு வழக்கம். காற்று மிக ஈரமாக இருக்கும் நேரம் அதுவே. அந்த ஈரம் முழுவதும் குளிர்ந்த சுவரில் படிந்து, அலமாரியின் பின்புறம் போன்ற காற்றுப் போகாத இடங்களில் பூசணமாகிறது. நல்ல எண்ணத்தோடு திறந்த சன்னலே இங்கே தீங்காகிவிடுகிறது. குளிரூட்டிய அறைக்கும் நடைவழிக்கும் பொதுவான சுவரின் வெளிப்பக்கம் கறுப்பதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. குளிரூட்டியை 25, 26 பாகையில் வைத்து, கூடவே மின்விசிறியையும் ஓடவிடுங்கள். உடலுக்கு அதே குளிர்ச்சி கிடைக்கும், சுவரோ பனிக்காது. காலையில் நிறுத்திய பின், அறை மெல்லச் சூடேறும் வரை மின்விசிறி மட்டும் ஓடட்டும். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணி முதல் மழை கருக்கும் வரை, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்று ஊடுருவிப் போக விடுங்கள். நாளில் காற்றின் ஈரப்பதம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வரும் குளிர்ந்த காற்று மனத்துக்கு இனியது; சிறிது நேரம் அனுபவித்துவிட்டு, துணி அலமாரியும் புத்தகங்களும் உள்ள அறைகளை மட்டுமாவது மூடிவிடுவது நல்லது.

வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பகல் பதினொரு மணிக்குச் சன்னல் திறப்பது இயலாது. அவர்களுக்கு ஈரம் நீக்கும் கருவி உண்மையிலேயே உதவும். கிடைக்காவிட்டால், குளிரூட்டியின் தொலையியக்கியில் நீர்த்துளிச் சின்னம் போட்டுள்ள உலர் முறையை மாலையில் ஒரு மணி நேரம் ஓடவிடலாம். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் பூசணம் எளிதில் வளராது. அதை அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. வாங்கி வைத்தால், எந்த அறை உண்மையில் ஈரமானது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அலமாரிகளையும் கட்டிலின் தலைப்பலகையையும் சுவரிலிருந்து நான்கு விரல் அளவாவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே பூசணம் பிடித்துவிட்டது. எப்படி நீக்குவது?

குளியலறை ஓடுகளில் பிடித்திருந்தால், நீர் கலந்த குளோரோக்ஸ் போன்ற வெளுப்புத் திரவம் போதும். அதை வினிகருடனோ அமோனியா கலந்த வேறெந்தத் துப்புரவுத் திரவத்துடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது. எழும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். வண்ணம் பூசிய சுவரைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே வண்ணம் பூசினால், மீண்டும் கறுத்து வெளிப்படும். உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டுவது வித்துகளை வீடெங்கும் பரப்பும் என்பதால், முகக்கவசம் அணிந்து ஈரத் துணியாலேயே துடையுங்கள். ஆழமாகப் பிடித்துவிட்ட மெத்தையையும் தலையணையையும் காப்பாற்ற முயல வேண்டாம். குறிப்பாக, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவற்றை அகற்றிவிடுவதே முறை.

கேள்வி: ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டில் வாழ்கிறோம். சுவரின் கீழ்ப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கிறது, வண்ணம் உரிந்துகொண்டே வருகிறது. என்ன செய்யலாம்?

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகர்ப் பகுதியின் பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரத்தைத் தன் பரப்பு முழுவதும் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மீது சிமெண்டுச் சாந்தைப் பூசி, நெகிழிப் படலம் போன்ற வண்ணத்தையும் அடித்துவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறுகிறது. அதோடு வந்த உப்பு வெண்மையாகப் பூத்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. ஆகவே உரிந்த இடத்தில் மீண்டும் சிமெண்டு வைத்து மறைப்பது தீர்வாகாது. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும் தெரிந்த கொத்தனாரைக் கொண்டு பழைய முறையிலேயே பூச வேண்டும்.

திறந்த உள்முற்றத்தைக் கண்ணாடியாலோ தகடாலோ முழுவதுமாக மூடிவிடுவதும் இதே தவறுதான். மழை உள்ளே விழுவது தொல்லையாகத் தோன்றினாலும், வீட்டின் வெப்பமும் ஈரமும் மேலெழுந்து போகும் புகைபோக்கி அந்த முற்றம். பக்கவாட்டில் காற்று வழி விட்டு, உயர்த்திக் கட்டிய கூரையால் மழையை மட்டும் தடுக்கலாம். மரபுடைமைப் பகுதியில் எந்த மாற்றத்துக்கும் முன்கூட்டியே நகராண்மையின் ஒப்புதல் பெற வேண்டும்.

கேள்வி: பட்டுப் புடவைகளையும் மற்ற துணிகளையும் எப்படிப் பாதுகாப்பது?

ஈர வாரங்கள் தொடங்கும் முன், புடவைகளை எடுத்து நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பைக் கலைத்து வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். நெகிழிப் பையில் கட்டி வைப்பது இந்த ஊருக்கு ஏற்றதன்று. வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுவதே சிறந்தது. அந்துருண்டை சரிகையைத் தொடக் கூடாது. வசம்பை ஒரு சிறு துணியில் முடிந்து ஓரத்தில் வைக்கலாம். கல்சியம் குளோரைடு நிரப்பிய ஈரமுறிஞ்சிப் பெட்டிகளைக் கடைகளில் வாங்கி அலமாரியின் அடித்தட்டில் வைத்தால், அவற்றில் எவ்வளவு நீர் சேர்கிறது என்பதே வீட்டின் நிலையை உங்களுக்குச் சொல்லிவிடும். சேர்ந்த நீர் துணியிலும் தோலிலும் கறையிடும், சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றாடத் துணிகள் காயாமல் வாடை அடிப்பது வேறு சிக்கல். உள்ளே கொடி கட்டிக் காயப்போடும்போது துணிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, மின்விசிறியை அவற்றை நோக்கித் திருப்பி வைத்தால் பாதிக் குறை தீரும். தடித்த துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் பக்கத்து டோபி கடையின் உலர்த்தும் இயந்திரத்தில் இடுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அவற்றை வீட்டில் நாள் முழுவதும் தொங்கவிட்டால், துணியிலுள்ள நீர் அனைத்தும் சுவருக்கே போய்ச் சேரும்.

மிருதங்கம், வீணை, பழைய ஒளிப்படத் தொகுப்புகள் ஆகியவற்றையும் வெளிப்புறச் சுவரை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: செப்டம்பரில் மழைக்குப் பதிலாகப் புகைமூட்டம் வந்தால்?

தென்மேற்குப் பருவக்காற்றின் இறுதிப் பகுதியில் சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் மக்கிய தாவரங்கள் படிந்த கரிநிலங்கள் எரியும்போது, அந்தப் புகை நம்மை வந்தடைகிறது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் செப்டம்பர் மாதங்களை யாரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது மேலே சொன்ன சன்னல் ஒழுங்கு முழுவதும் மாறிவிடுகிறது. சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐ.பி.யு., 50 வரை நலம். 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகக் கேடு. 300ஐக் கடந்தால் பேராபத்து. நூறைத் தாண்டிய நாளில் சன்னல்களை மூடி, குளிரூட்டியின் வடிகட்டியைக் கழுவிப் பொருத்தி, ஒரே ஓர் அறையையாவது ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானால் தூய்மையாக வைத்து, முதியோரும் குழந்தைகளும் அதில் இருக்குமாறு செய்யுங்கள். வெளியே போவதற்கு என்95 முகக்கவசம் வேண்டும். துணிக் கவசம் அந்த நுண்துகள்களைத் தடுக்காது. சாம்பிராணி, ஊதுவத்தி, எண்ணெயில் பொரிப்பது ஆகியவற்றை அந்நாள்களில் தள்ளி வைப்பது நல்லது. பூசைக்கு ஒற்றை அகல் போதும்.

கேள்வி: மாலையில் வீடு சீக்கிரமே இருண்டுவிடுகிறது. இது மழை மேகத்தால் மட்டும்தானா?

மேகம் ஒரு காரணம். சூரியனின் ஓட்டமும் இன்னொரு காரணம். பகலின் நீளம் பெரிதாக மாறாவிட்டாலும் சூரியன் உதிக்கும், மறையும் நேரங்கள் மாறுகின்றன. கோலாலம்பூரில் பிப்ரவரியில் ஏறத்தாழ ஏழரை மணிக்கு மறையும் சூரியன், நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடுகிறது. காலையும் அதற்கேற்ப அரை மணி நேரம் முன்னதாக விடிகிறது. அதோடு ஐந்து மணிக்கே வானம் கருத்துவிடுவதால், பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் வேளையிலேயே விளக்குப் போட வேண்டியதாகிறது.

நம் வீடுகளில் கூடம் முதல் படுக்கையறை வரை 6500 கெல்வின் வெண்குழல் விளக்கைப் பொருத்தியிருப்பது வழக்கம். சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் அது சரி. மாலையில் குடும்பம் கூடி உட்காரும் இடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் ஒளி விளக்குகளை, கூரையில் ஒன்றாக இல்லாமல், தாழ்வாக இரண்டு மூன்று மூலைகளில் வைத்துப் பாருங்கள். இலையுதிர்கால வீடுகளின் படங்களில் நம்மைக் கவர்வது பெரும்பாலும் இந்த ஒளிதான். அதற்குக் கம்பளியும் கணப்பும் தேவையில்லை. புரட்டாசியில் நவராத்திரிக் கொலு, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் அகல் வரிசை என்று நம் நாள்காட்டியே மாதந்தோறும் விளக்கேற்றச் சொல்கிறது. பித்தளைக் குத்துவிளக்கைத் தீபாவளிக்கு மட்டும் துலக்காமல் செப்டம்பரிலேயே துலக்கி வைத்தால், அந்த மூன்று மாதங்களும் அது கூடத்தின் மையமாக இருக்கும். திரிகளையும் தீப்பெட்டிகளையும் மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் வையுங்கள், ஈரத்தில் நமத்துவிடும்.

கேள்வி: இலையுதிர்கால அலங்காரமே வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. நெகிழி மேப்பிள் தோரணம் வாங்குவதைவிட, அருகிலேயே கிடைப்பதைப் பயன்படுத்துங்கள் என்கிறேன். பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நிற்கும் நாட்டு வாதுமை மரம், மலாய்க்காரர் கெத்தாப்பாங் என்று அழைப்பது, ஆண்டுக்கு இருமுறை வாக்கில் தன் பெரிய இலைகளைச் செம்மஞ்சளாகவும் அடர்சிவப்பாகவும் மாற்றி உதிர்க்கிறது. தஞ்சோங் புங்கா கடற்கரையில் நடந்துவிட்டு வரும்போது அள்ளி வரலாம். செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி ஒரு தாம்பாளத்தில் பரப்பினால் அழகாக இருக்கும். ஈரத்தில் பூசணம் பிடிக்குமுன் மாற்றிவிடுங்கள்; சண்டைமீன் வளர்ப்போர் வீட்டில் இருந்தால், உலர்ந்த இலையைத் தொட்டியில் போடுவதற்கு அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இந்நாட்டில் உண்மையாகவே இலையுதிர் காலத்துக்கு ஒரு விழா எடுப்பவர்கள் நம் சீன அண்டை வீட்டார். அவர்களுடைய எட்டாம் மாதத்து முழுநிலவு நாள் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வருகிறது. அன்று காகித விளக்குகளை ஏந்தித் தெருவில் நடக்கும் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வது பல குடியிருப்புகளில் வழக்கம். அந்தக் காகித விளக்குகளை விழா முடிந்ததும் எறியாமல் தீபாவளி வரை முன்கூடத்தில் தொங்கவிடலாம்.

துணிகளில் மாற்றம் வேண்டுமென்றால் நிறத்தை மாற்றுங்கள், தடிமனை மாற்றாதீர்கள். மஞ்சள், செங்காவி, அரக்கு நிறத்தில் மெல்லிய பருத்தி உறைகள் போதும். தடித்த தரைவிரிப்புகளை இக்காலத்தில் விரிப்பதைவிடச் சுருட்டி வைப்பதே நல்லது.

கேள்வி: வீட்டில் இலையுதிர்கால மணம் வரவழைக்க மெழுகுவத்தி வாங்கலாமா?

அந்த மெழுகுவத்திகளின் மணம் இலவங்கப்பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சி ஆகியவற்றிலிருந்து வருவது. நான்கும் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன. ஜாதிக்காயோ பினாங்கின் பாலேக் பூலாவ் மலைச்சரிவுகளில் விளைகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மரங்களின் வழி வந்தது அது. மழை பெய்யும் மாலையில் சுக்குமல்லிக் காபி கொதித்தாலே வீடு மணக்கும். ஒரு பட்டை, இரண்டு கிராம்பு, சிறிது ஜாதிக்காய்த் தூளைச் சேர்த்துக்கொண்டால் நீங்கள் தேடும் மணம் அதுவே. பூசணிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எந்தச் சந்தையிலும் கிடைக்கின்றன. பெட்டாலிங் தெருவில் சூடான கூழாங்கல்லில் வறுத்து விற்கும் கஷ்கொட்டையையும் விரும்புவோர் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: தீபாவளிப் பலகாரம் இரண்டே நாளில் நமத்துப்போகிறது. ஏன்?

முறுக்கு முழுவதும் ஆறாமல் டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியே அதை நமக்க வைக்கும். ஆறிய பின்னும் திறந்து வைத்திருந்தால் மழைக்காற்றின் ஈரம் ஏறும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் குறுகியது. ஆகவே மழை பெய்யாத முற்பகலில் சுடத் தொடங்கி, மாலை மழைக்கு முன் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்துவிடுங்கள். அரிசி மாவை வெயிலில் காயவைக்கும் வழக்கம் ஐப்பசியில் கைகொடுக்காது. வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துச் சலித்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு எடுக்கும் டப்பாவைத் தனியாகவும் சிறியதாகவும் வைத்து, பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காமல் இருப்பதும் உதவும். நமத்துவிட்டால் 120 பாகை அடுப்பில் சில நிமிடங்கள் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டால் பெரும்பாலும் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

கேள்வி: செடிகளுக்கும் கொசுவுக்கும் என்ன செய்வது?

நீர் ஊற்றுவதைக் குறைத்து, தொட்டிகளை அடித்தட்டு இல்லாமல் செங்கல் மீது உயர்த்தி வையுங்கள். கறிவேப்பிலையும் மிளகாயும் நெருக்கமாக நின்றால் இலைப்புள்ளி நோய் வரும். தீபாவளிக்குச் செண்டுமல்லி பூக்க வேண்டுமானால், ஏறத்தாழ எட்டு வாரம் முன்னதாக விதைக்க வேண்டும்.

கொசுவைப் பொறுத்தவரை செப்டம்பரே முக்கியமான மாதம். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீரின்றிக் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். வறண்ட வாரங்களில் ஒரு வாளியின் உட்புறம் ஒட்டிக் கிடந்தவை முதல் மழையில் நனைந்ததும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே வாளி, தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்னுள்ள நீர்த்தட்டு, கூரை வாய்க்கால் ஆகியவற்றில் உள்ள நீரைக் கொட்டுவது மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்னும் சுகாதார அமைச்சின் அறிவுரை மிகப் பொருத்தமானது. கொட்ட முடியாத நீரில், கொசுப்புழுக்களைக் கொல்லும் அபேட் குறுமணிகளைப் பொட்டலத்தில் குறித்த அளவில் இடலாம்.

கேள்வி: இடி மின்னலின்போது மின்சாரம் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. இது ஆபத்தா?

உலகில் மின்னல் மிகுந்த பகுதிகளுள் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மின்பெட்டியிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் இடியின்போது விழுவது பெரும்பாலும் அது வேலை செய்வதற்கான அடையாளம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். இடி நெருங்கும்போது தொலைக்காட்சி, கணினி, இணைய மோடம் ஆகியவற்றின் செருகிகளைப் பிடுங்கிவிடுவதே உறுதியான பாதுகாப்பு. மழையில்லாத நாளிலும் துண்டிப்பான் தொடர்ந்து விழுந்தால், எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். தெரு முழுவதும் மின்சாரம் போனால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

கேள்வி: உண்மையான குளிரை ஒரு நாளாவது உணர எங்கே போகலாம்?

பினாங்கில் இருப்போருக்கு 1923இல் ஓடத் தொடங்கிய மலை இரயில் இருக்கிறது. கொடிமலை உச்சி நகரைவிடச் சில பாகை குளிராக இருக்கும். கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலை சில மணி நேரப் பயணம். இடைப்பருவ வாரங்களில் மலைச்சாலைகளில் மண்சரிவு நேரலாம். பெருமழை எச்சரிக்கை உள்ள நாளில் புறப்பட வேண்டாம்.

கேள்வி: தீபாவளிக்கு முன் வண்ணம் பூசுவது வழக்கம். ஆனால் அது மழைக்காலமாயிற்றே?

உட்சுவர்களுக்குப் பூசலாம், பிற்பகல் மழைக்கு முன், காலையிலேயே முதல் பூச்சை முடித்து, மின்விசிறியால் உலரவிட்டு, மறுநாள் அடுத்த பூச்சைத் தொடங்குங்கள். வெளிச்சுவரையும் ஒழுகிய கூரையின் அடிப்பகுதியையும் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டின் மிக வறண்ட மாதங்கள். கோலாலம்பூரிலும் அப்போது மழை சற்றுக் குறைகிறது. ஒழுக்கை டிசம்பரில் அடைத்து, சுவர் முழுவதும் உலர நான்கு வாரமாவது விட்டு, பொங்கலுக்குப் பிறகு பூசினால் வண்ணம் நிலைக்கும். அந்த வாரங்களிலேயே மெத்தைகளை வெயிலில் போட்டு, திரைச்சீலைகளைத் துவைத்து, ஈரமுறிஞ்சிப் பெட்டிகளை மாற்றிக்கொள்ளலாம்.